நிரஞ்சலா கொடுத்த வாக்கு

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா ஆயா நிரஞ்சலாவுக்குப் பொய் சொல்லவே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெரியும். பெரிதாக ஒரே ஒரு பொய் சொன்னாள், அதுவும் தனக்காக இல்லை. தனக்காகத் தினம் பத்துப் பொய் சொல்கிறவனெல்லாம் வெள்ளையும் சொள்ளையுமாகத் திரிகிறான். அவள் மட்டும் அந்த ஒரு பொய்க்காக இன்றைக்கும் தலை குனிந்து நடக்கிறாள்.

நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிறது எங்கள் தோட்டம். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்கிற வாத்தியார். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு, வருகிற சிங்களக் கடிதமெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும், போகிற கடிதமெல்லாம் நான்தான் எழுத வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கடிதம் கேட்டு வருகிறவர்களை இரண்டு தரம் அலையவிட்டுத்தான் எழுதிக் கொடுப்பேன்.

நிரஞ்சலாவுக்கு நாற்பத்தாறு வயது. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் பிள்ளைக்காம்பரா. காலையிலிருந்து அந்திவரை முப்பது பிள்ளைகளின் மூக்கையும் மற்றதையும் துடைத்துப் பழகிய கை அவளுடையது. புருஷன் தொண்டைப் புற்றுநோயில் போனவன். கடைசி மாதம் வலி தாங்காமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். அவனுக்குக் கொடுக்க அவளிடம் காய்ச்சல் குளிசையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான், அடுத்த வருடம் பதுளையில் ஒரு தொண்டு அமைப்பு நடத்திய ஐந்து நாள் வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள். இனிமேல் குணமாக்க முடியாது என்று ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்ட நோயாளியை, சாகும்வரை வலியில்லாமல், நாற்றமில்லாமல், புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் வகுப்பு. ஒரு நீலப் பையோடு திரும்பி வந்தாள். சம்பளம் கிடையாது.

அதற்குப் பிறகு ஐந்து வருடத்தில் பதினொரு பேரைப் பார்த்தாள். வேலை முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு ஒரு லயத்துக்குள் நுழைந்தால், "எமனோட தங்கச்சி வந்துட்டா" என்று பொடியன்கள் கேலி செய்வார்கள். அவளும் சளைக்காமல், "ஆமாடா, அண்ணன் ஒன் விலாசத்தத்தான் கேட்டாரு" என்பாள். அப்படிக் கேலி செய்தவர்களின் வீட்டிலேயே பிறகு அவள் போய்ப் பீ மூத்திரம் அள்ளியிருக்கிறாள்.

பன்னிரண்டாவது ஆள் மாரியாயி. லயத்தில் நிரஞ்சலாவின் அறைக்கு அடுத்த காம்பரா. அறுபத்தொரு வயது, கொழுந்து வேலையிலிருந்து நின்று ஆறு வருடம். மகன் ஜீவன் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. மகள் விதுஷாவுக்கு அப்புத்தளைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். தை கழிந்ததும் பரிசம்.

இரண்டாயிரத்து இருபது ஆகஸ்ட் மாதம். கொரோனா ஒருமுறை வந்து அடங்கி, இனி இல்லை என்று எல்லோரும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நேரம். மாதவிடாய் நின்று பத்து வருடமான மாரியாயிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு நிரஞ்சலாவிடம் சொன்னாள். இருவரும் பஸ் ஏறிப் பதுளைக் கிளினிக்குக்குப் போனார்கள்.

அங்கே நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். எங்கள் ஆட்களில் மாரியாயி என்று கூப்பிட்டால் ஏழு பேர் எழும்புவார்கள். அதனால் கிளினிக்கில் பெயரோடு தோட்டத்தையும் சேர்த்துச் சத்தமாகக் கூப்பிடுவது வழக்கம். பதிகிற இடத்துக்குப் போன நிரஞ்சலா திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வாங்குப் பலகையில், அப்புத்தளை மாப்பிள்ளையின் அத்தை உட்கார்ந்திருந்தாள். நிரஞ்சலாவுக்கு அவளை ஒரு கல்யாண வீட்டில் பார்த்த பழக்கம். மாரியாயியை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பெயரும் தோட்டமும் தெரியும். தாய்க்குக் கர்ப்பப்பையில் நோய் என்றால் மகளுக்கும் வரும் என்று சொல்லி எத்தனை சம்பந்தம் முறிந்திருக்கிறது என்று நிரஞ்சலாவுக்குத் தெரியாதா? பெயர் என்ன என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். "காளியம்மா, மடுல்சீமை" என்றாள்.

காளியம்மா, மடுல்சீமையில் வாழ்ந்து செத்துப்போன அவளுடைய தாய். அந்த அவசரத்தில் அந்தப் பெயர்தான் வாயில் வந்ததாம். ஒரு நாளைக்குத்தானே, அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாளாம். ஆனால் கிளினிக் கொப்பி அந்தப் பெயரில் எழுதப்பட்டது. சதை வெட்டிச் சோதித்தது அந்தப் பெயரில், ஸ்கேன் எடுத்தது அந்தப் பெயரில். புற்றுநோய் கர்ப்பப்பையைத் தாண்டிப் போய்விட்டது, வெட்டிப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதும் மடுல்சீமைக் காளியம்மாவுக்குத்தான். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். இவர்கள் சொன்னது மொத்தமே இரண்டு: கிளினிக்கில் ஒரு பெயர், லயத்தில் "வயித்துப் புண்ணு". தோட்டத்து டாக்டர் ஐயா கேட்டபோதும் நிரஞ்சலா வயித்துப் புண்ணு என்றே சொன்னாள். ஜீவன் அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருந்தான்.

மாரியாயிக்கு எல்லாம் தெரியும். அவளை ஏமாற்ற முடியாது. ஒரு நாள் உடம்பு துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"புள்ள, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். என்னையப் பன்னெண்டாம் நம்பர் மலையில நிமலன் பக்கத்துல பொதைச்சிருங்க."

நிமலன் ஏழு வயதில் காய்ச்சலில் போன அவளுடைய நடுப்பிள்ளை.

"ஒங்க வீட்டுக்காரரும் அங்கதான இருக்காரு பெரியம்மா?"

"இருக்கட்டும். அந்த மனுசன்கிட்ட முப்பது வருசம் ஏச்சு வாங்குனது போதும். என்னையப் புள்ள பக்கத்துல போடு. ஒரு ஆளு எடம் வுட்டிருக்கு. நான்தான் வுட வச்சேன்."

நிரஞ்சலா அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தாள். செத்தவர்களைப் புதைப்பதுதான் எங்கள் தோட்டத்து வழக்கம், அதனால் அந்தச் சத்தியத்தில் ஒரு கஷ்டமும் இருப்பதாக அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ஒக்டோபரில் கொரோனா திரும்ப வந்தது. இந்த முறை தோட்டங்களுக்குள்ளும் வந்தது. பிள்ளைக்காம்பராவை மூடினார்கள். கொரோனாவில் செத்தால் எந்தச் சாதி சமயமானாலும் எரிப்பதுதான் சட்டம் என்று ரேடியோவில் தினமும் சொன்னார்கள். மாரியாயி அந்தச் செய்தி நேரம் மட்டும் எல்லோரையும் பேச வேண்டாம் என்பாள்.

"கொரோனான்னா எரிச்சிருவாங்களாமே?"

"ஒங்களுக்குத்தான் கொரோனா இல்லியே பெரியம்மா."

"நாம இல்லன்னா ஆச்சா? அவுங்க இல்லங்கணுமே."

படிக்காத பெண் சொன்னாள் இதை. படித்த எனக்கு இது மண்டையில் ஏறவில்லை.

மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து வந்து நோயாளியைப் பார்க்க வேண்டிய தாதி ஸிஹாமா மிஸ்ஸால் வர முடியவில்லை. பாதை மூடல், தனிமைப்படுத்தல், பிறகு அவருடைய வீட்டிலேயே நோய். எல்லாம் போனில்தான். லயத்தில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தாங்கி இருக்கிற மேட்டுக்கு ஏறினால்தான் இரண்டு கோடு காட்டும். நிரஞ்சலா நாளுக்கு இரண்டு தரம் அந்த மேட்டுக்கு ஏறுவாள். "மிஸ், மருந்து குடிச்சும் முனகுறாங்க." "எத்தன மணிக்குக் குடுத்தீங்க? இன்னும் அர மில்லி கூட்டுங்க. மலச்சிக்கல் இருக்கா? வாய் காயுதா?" மழையில் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று கேட்பாள். இறங்கி வந்து மோர்பின் பாணியைத் துளித் துளியாக அளந்து கொடுப்பாள். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பாள். பழைய சேலையைக் கிழித்து அவித்துக் காயவைத்துப் புண்ணுக்கு வைப்பாள். வாசலில் கையுறை, முகக்கவசத்தைக் கண்டால் லயமே அலறும் என்பதால், எல்லாவற்றையும் கொழுந்துக் கூடையில் போட்டு மூடிக்கொண்டு, கீரை கொண்டுபோகிறவள் மாதிரிப் போவாள்.

மருந்து தீர்ந்தால் அவளே போக வேண்டும். ஸனூஸ் நானாவின் மரக்கறி லொறிக்கு மட்டும் பாஸ் இருந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பதுளைக்குப் போய், காளியம்மாவின் கொப்பியைக் காட்டி மருந்து வாங்கி வருவாள். சொந்தப் பிள்ளைகள் அந்த லொறியில் ஏறவில்லை. ஏறச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை. ஐந்து மாதம் மாரியாயி சுவரில் தலையை முட்டவில்லை. அதற்கு அந்த ஒருத்திதான் காரணம், இதை நான் எந்தச் சபையிலும் சொல்லுவேன்.

டிசம்பரில் ஒரு நாள் நிரஞ்சலா என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்தக் கொப்பி.

"சேர், ஒரு கடுதாசி எழுதணும். இதுல இருக்கிற காளியம்மாவும் எங்க லயத்து மாரியாயியும் ஒரே ஆளுதான்னு. டாக்டருக்கு."

விஷயத்தை முழுக்கச் சொன்னாள். சத்தியத்தையும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏன், பேரு மாறுனா மருந்து வேல செய்யாதா?"

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கேப்பாங்க சேர். பயமா இருக்கு."

"அதுக்குத் தொரைகிட்ட கையெழுத்து வாங்கணும், அடையாள அட்டை கொப்பி எடுக்கணும், இந்த நேரத்துல யாரு அலையறது? பொங்கல் முடியட்டும்."

அரை மணி நேர வேலை. ஒரு தாள், ஒரு பேனை. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது, எனக்கு வேறு ஒரு வேலையும் இல்லை. தோட்ட நிர்வாகியான தொரையின் முன்னால் போய் நிற்பது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். அவள் "சரி சேர்" என்று கொப்பியைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு போனாள். பொங்கலுக்கு முன்னால் இன்னொரு தரம் வந்தாள். அப்போதும் இதையே சொன்னேன்.

பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேருக்குக் கீழ் லயத்தில் கொரோனா என்று உறுதியானது. அந்த வாரமே மாரியாயிக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. நோய் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்று போனில் கேட்டதுமே ஸிஹாமா மிஸ் சொல்லிவிட்டார். லயத்துச் சுவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. இந்தக் காம்பராவில் தும்மினால் அந்தக் காம்பராவில் நூறு வயசு என்பார்கள். மாரியாயியின் இருமல் ஆறு காம்பராவுக்கும் கேட்டது. யாரோ சுகாதாரப் பரிசோதகருக்குப் போன் அடித்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அந்த மனிதனும் பயத்தில்தான் செய்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மாரியாயி செத்தாள். நிரஞ்சலாவின் மடியில் தலை, மகளின் கையில் கை. வலியில்லை. அதுவரைக்கும் எல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே நடந்தது.

இளைஞர்கள் நாலு பேர் பன்னிரண்டாம் நம்பர் மலைக்குப் போய், நிமலன் பக்கத்தில் விட்டிருந்த இடத்தில் குழி வெட்டத் தொடங்கினார்கள். பத்து மணிக்குக் குழி தயார். பத்தரைக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பேச என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. மூன்று நாள் தூங்காத கண். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். இருமல், மூச்சுத்திணறல், பக்கத்து லயத்தில் நோயாளிகள், வீட்டில் மரணம். வேறு நோய் இருந்ததற்கு எழுத்தில் ஏதாவது உண்டா? தோட்டத்து டாக்டர் ஐயாவைப் பார்த்தார். அவர் கையை விரித்தார்: "எனக்கு வயித்துப் புண்ணுன்னுதான் சொன்னாங்க. புண்ணுக்கு மூச்சு வாங்காதே."

நிரஞ்சலா உள்ளே ஓடிப்போய்க் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். பரிசோதகர் அதை வாசித்தார். பிறகு மாரியாயியின் அடையாள அட்டையை வாசித்தார். இரண்டையும் என் கையில் கொடுத்து, "மாஸ்டர், இது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் சொன்னேன். ஐந்து மாதத்துக் கதையை நாலு வசனத்தில் சொன்னேன். லயமே வாசலில் நின்று கேட்டது. அதோடு வயித்துப் புண்ணு புற்றுநோயாகிவிட்டது. விதுஷா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொப்பியில் ஸிஹாமா மிஸ்ஸின் நம்பர் இருந்தது. பரிசோதகரின் போன் வேறு கம்பெனி, அதில் மட்டும் சிக்னல் இருந்தது. சத்தமாக வைத்துக் கேட்டார், உங்கள் நோயாளிகளில் நமுனுகுலப் பக்கத்து மாரியாயி என்று யாராவது உண்டா என்று.

"இல்ல," என்றார் மிஸ். "அந்தப் பேர்ல எனக்கு யாரும் இல்ல."

"மிஸ்! நான் நிரஞ்சலா! நம்ம காளியம்மாதான் மிஸ் இவுங்க! நான்தான் பேர மாத்திக் குடுத்தேன்!"

மிஸ் அழுகிற குரலில் சொன்னார்: "நிரஞ்சலா, நீங்க பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் அந்த அம்மாவ ஒரு நாளும் பாக்கல்லயே. நான் எப்படி எழுதித் தாறது?"

பரிசோதகர் போனை வைத்தார். கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம், இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று ஒரு வரி, அது இருந்தால்கூட நான் மேலே பேசிப் பார்ப்பேன் என்றார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். நிரஞ்சலா என்னைப் பார்த்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம்.

மத்தியானம் வண்டி வந்தது. மூக்கிலிருந்து சளி எடுத்தார்கள், உடம்பைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஜீவன் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் தாள் ஒட்டினார்கள். சோதனை முடிவு வர நாள் எடுக்கும், உடம்பை வைக்க இடமில்லை, சந்தேகம் என்றாலும் சட்டம் ஒன்றுதான். மறுநாள் எரித்துவிட்டார்கள். சாம்பல் வேண்டுமானால் அன்றைக்கே ஆள் வந்து வாங்கியிருக்க வேண்டுமாம். கதவில் தாளை ஒட்டி உள்ளே அடைத்துவைத்துவிட்டு யாரை வரச் சொன்னார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நாலாம் நாள் முடிவு வந்தது. மாரியாயிக்குக் கொரோனா இல்லை. தாளைக் கிழித்தார்கள். அன்றைக்கே அப்புத்தளையிலிருந்தும் சொல்லியனுப்பினார்கள்: அந்த நோயா இந்த நோயா என்று எங்களுக்குத் தெரியாது, ரெண்டும் வேண்டாம். யாரைக் காப்பாற்ற ஐந்து மாதம் பொய்யைக் கட்டிக் காத்தார்களோ, அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். எழும்பவில்லை.

குழி திறந்தே கிடந்தது. வெட்டிய குழியை வெறுமனே மூடக்கூடாது, அது இன்னொரு ஆளைக் கேட்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஆள் இல்லையென்றால் வாழைத்தண்டு. ஐந்தாம் நாள் ஓர் ஆள் உயரத்துக்கு வாழைத்தண்டு வெட்டி, மாரியாயிக்கு வாங்கி வைத்திருந்த கோடிச் சேலையை அதற்குச் சுற்றி, பாடையில் வைத்துத் தூக்கிப்போனார்கள். நான்கு நாள் மழைத் தண்ணீர் குழியில் கணுக்கால் அளவு நின்றது. கலயத்தால் இறைத்துவிட்டுத் தண்டை இறக்கினார்கள். பக்கத்து மேட்டில் நிமலன்.

ஒவ்வொருவராக மண் போட்டோம். நிரஞ்சலா கடைசியில், எல்லோருக்கும் பின்னால் நின்றாள். முறை வந்ததும் குனிந்து மண்ணை எடுத்தாள்.

"நீ போடாத," என்றான் ஜீவன்.

மண்வெட்டியோடு நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்கம்மாவ எரிய வச்சவ நீ. எந்தங்கச்சி வாழ்க்கையில மண்ணப் போட்டவ நீ. இதுலயும் போடணுமா? போயிரு."

வயித்துப் புண்ணு என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சிய அதே வாய். ஐந்து மாதம் தாயின் துணியைத் தொடாத அதே கை, அவளைத் தள்ளுவதற்கு ஓங்கி நின்றது. ஒருவராவது "டேய்" என்று சொல்லவில்லை. நிரஞ்சலா கையிலிருந்த மண்ணைத் திரும்பக் கீழே வைத்தாள். கொட்டவில்லை, குனிந்து வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே இறங்கிப் போனாள்.

அவள் என் பெயரைச் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், ஆனால் ஜீவன், "சேர், நீங்க போடுங்க" என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். நான் குனிந்து மூன்று பிடி மண் அள்ளிப் போட்டேன்.